தாத்தாவின் தகரப்பெட்டியும் உன் பிறப்புப் பத்திரமும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் ரொட்டி சானாயை விட மாட்டேன் என்கிறார். மருமகளையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோயில் மண்டபத்தில் பழைய படங்களையும் கடுதாசிகளையும் சேகரிக்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள்தான் சனிக்கிழமைகளில் ஸ்கேனரோடு வந்து உட்காருகிறார்கள். ரப்பர் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் கிள்ளான், ஷா ஆலம் நகரங்களிலிருந்தெல்லாம் பை பையாகக் கொண்டுவருகிறார்கள். நானும் தாத்தாவின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்கேன் செய்கிற பெண் அவ்வளவு பதமாகக் கையாளுகிறாள். பசை நாடா ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணாதீர்கள், பின்பக்கம் எழுதுவதென்றால் பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள் என்றாள். உன் கல்யாணப் படத்துக்குப் பின்னால் அப்பா பால்பாயிண்டில் தேதி எழுதி, அது மருமகள் நெற்றியில் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

படங்களுக்குப் பின்னால் எல்லாம் நம் ஊர்ப் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் இருக்கிறது. 2007இல் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று ஆக்கிவிட்டார்கள். ஆக்கட்டும், நம் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான். அந்தப் பிள்ளைகள் பாமாயில் எடுக்கிற செம்பனை என்றால் ஏதோ நேற்று வந்தது என்று நினைக்கிறார்கள். மலேசியாவிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டது பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல் என்று நான் சொன்னதும் எழுதி வைத்துக்கொண்டார்கள். நீ ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் வீடு வாங்கியதையும் சொன்னேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை என்று அங்கே ஒருவருக்கும் நம்ப முடியவில்லை. தீபாவளிக்கு வந்தாரா என்று கேட்டார்கள். வேலை அதிகம் என்றேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துப் படம் உனக்கு ஞாபகம் இருக்கும், பின் வரிசையில் பெரிய தாத்தா ரப்பர் பால் வெட்டுகிற கத்தியோடு நிற்பாரே. அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். சில பேர் தலைக்கு மேல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். நான் இத்தனை வருஷமாகப் பூஞ்சணம் என்று நினைத்திருந்தேன். கிட்டப் பார்த்தால் பேனா மை, நிப்பை ஊன்றி எடுத்த தடம் தெரிகிறது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை அத்தை பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குப் பாட்டி யாரையோ கொண்டு அந்தப் புள்ளிகளை வைக்கச் சொன்னதாம். 1942, 43இல் சயாமுக்கும் (இப்போதைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை, 415 கிலோமீட்டர். நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் லயத்திலேயே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பெரிய தாத்தா தலைக்கு மேலும் புள்ளி இருக்கிறது. கூப்பிடுகிறவன் நல்லதை மட்டும்தான் சொல்வான், தம்பி. எந்தத் தாளானாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

போன மாதம் உன் பிறப்புப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். எதற்கு என்று கேட்டேன். "ஒரு ஃபாரத்துக்கு" என்றாய். சரி. இரண்டு பக்கமும் தெளிவாக விழுந்ததா? சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் யாரோ ஏதோ சொன்னார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு நாட்டுக் குடியுரிமையை நம் நாட்டில் ஒத்துக்கொள்வதில்லை, ஒன்றை எடுத்தால் ஒன்றை விட வேண்டும் என்று அப்பாதான் டிவி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பொதுவாகத்தான் சொன்னார்.

பெட்டியில் தாத்தாவின் சிவப்பு ஐசியும் இருக்கிறது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த அடையாள அட்டை. சுதந்திரம் கிடைத்த கையோடு ஒரு வருஷம், மலாய்ப் பரீட்சை இல்லாமலே குடியுரிமைக்கு எழுதிப் போடலாம் என்றார்கள். தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லியும் தாத்தா போகவில்லை. எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம், இந்தக் கடுதாசி எதற்கு என்று இருந்துவிட்டார். 1969 கலவரத்துக்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றதும் அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாது. முப்பது வருஷம் வெட்டின மரத்தையே வெட்டப் பெர்மிட். பிறகு நான்தான் ராத்திரி ராத்திரியாக மலாய் சொல்லிக்கொடுத்தேன். குடிமக்களுக்கான நீல ஐசி கைக்கு வந்த அன்று அதை முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். காலமாகும்வரை அங்கேதான் இருந்தது. அவருக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. நீ படித்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு, அவ்வளவுதான்.

சின்ன தாத்தா பெர்மிட் கிடைக்காமல் குடும்பத்தோடு லால்குடிக்கே போய்விட்டார் அல்லவா, அவர் போட்ட வான்கடிதங்களும் கட்டாக இருக்கின்றன. நீலத் தாள் மடிப்பில் எல்லாம் கிழிந்துவிட்டது. "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" என்று தொடங்கி, வெங்காய விலை, கிணற்றுத் தகராறு, யாருக்குக் கல்யாணம் என்று நெருக்கி நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் தாளைத் திருப்பி இரண்டு வரி: "இங்கே எங்களை மலாயாக்காரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அங்கே என் பால் மரத்தை இப்போது யார் வெட்டுகிறார்கள்?" அந்தப் பெண் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குட்டிக்கு நெஞ்சுச் சளி என்றாயே, குறைந்ததா? கற்பூரவள்ளி அங்கே முளைக்கிறதா? தாளில் எதையும் படிக்காமல் போடாதே, மறந்துவிடப் போகிறாய்.

படங்களைச் சேர்க்கிறவர்கள் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். அசல் பெட்டி எங்களுக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா, வாரிசு வைத்துக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறார்கள். வாரிசு என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்திலேயே குடியுரிமை என்று ஒரு கட்டம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கூப்பிட்டுச் சொல், என்ன எழுதட்டும் என்று.

அன்புடன்,
அம்மா