தலை கொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஹேர் டிரெஸ்ஸிங் கோர்ஸ் முடிய இன்னும் மூணு வாரம் தான் இருக்கு, அப்புறம் பரீட்சை, வேலை தேடறதுன்னு ஓட ஆரம்பிச்சிடுவேன், அதான் இப்பவே சொல்லிடறேன். நான் கத்துக்கறதுக்காக தலையை நீட்டின அத்தனை பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

டம்மி தலை ஒண்ணு வாங்கினேன், ஆனா அதுல வெட்டினா வெட்டினது தான், திரும்ப வளராது இல்ல? முதல்ல யூ கட், அப்புறம் லேயர், அப்புறம் பாய் கட்னு ரெண்டே மாசத்துல அதுக்கு வள்ளிமலைல மொட்டை போட்ட மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு மேல மனுஷத் தலை தான்.

முதல் தலை குடியாத்தம் அத்தையோடது. சுருட்டை முடி. ஈரமா இருக்கறப்போ நெத்தி முடியை இழுத்து புடிச்சு சரியா புருவம் வரைக்கும் வெட்டினேன், பாக்க நல்லா தான் இருந்துச்சு, காய காய சுருண்டு மேல ஏறி பாதி நெத்தில போய் நின்னுடுச்சு. சுருட்டை முடி காஞ்சா ஏறும், நீளம் விட்டு வெட்டுன்னு மேடம் சொன்னதை நோட்டுல கூட எழுதி வெச்சிருந்தேன், அது வேற கதை. அத்தை கண்ணாடியை பாத்து "இன்னாடி இது, யூகேஜி பொண்ணு மாதிரி கீறேன்"னு சிரிச்சிட்டு அதே வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் அப்படியே போயிட்டு வந்தாங்க. அத்தை, நான் பாத்ரூம்ல போய் அழுதது உங்களுக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

எங்க தெரு சலூன் அண்ணா, நீங்க இல்லனா எனக்கு கத்தரி புடிக்கவே வந்திருக்காது. ஒரு பிளேடு அசையவே கூடாதும்மா, கட்டை விரல் மட்டும் தான் வேலை செய்யணும், போய் ஒரு வாரம் சும்மா காத்தை வெட்டுன்னு சொன்னீங்க. இதுக்கு முன்னாடி ஒரு பார்லர்ல பத்து மாசம் இருந்தேன், கீழே விழுந்த முடியை பெருக்கினது தவிர ஒண்ணும் கத்துத் தரல.

சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அம்மாவை கூட்டிட்டு வந்து லாட்ஜ்ல தங்கியிருந்த கொல்கத்தா அக்காவுக்கு இது படிக்க வராது, இருந்தாலும் எழுதறேன். கீமோ ஆரம்பிக்கறதுக்குள்ள அம்மா முடியை சின்னதா வெட்டிடணும்னு கேட்டாங்க, கொத்து கொத்தா கொட்டறதை பாக்கறதுக்கு இது மேல்னு. எனக்கு பெங்காலி தெரியாது, அந்தம்மாவுக்கு தமிழ் தெரியாது. தரையில பேப்பர் விரிச்சு, எவ்ளோ நீளம்னு கையால காட்டினேன். தோள்ல வெச்சேன், இல்லைன்னு தலையாட்டினாங்க. காதுகிட்ட வெச்சேன், சரின்னாங்க. ஜடையை அப்படியே ரப்பர் பேண்ட் போட்டு வெட்டி அவங்க மடில வெச்சேன். காசு வேணாம்னு சொன்னதுக்கு ஒரு டப்பா நிறைய சந்தேஷ்னு அவங்க ஊர் ஸ்வீட் குடுத்து அனுப்பினாங்க, பஸ்ல வரப்பவே பாதி காலி.

மேடம், டைக்கு முன்னாடி காது பின்னால கொஞ்சமா தடவி பேட்ச் டெஸ்ட் போட்டு, அலர்ஜி வருதான்னு 48 மணி நேரம் பாக்கணும்னு நீங்க புடிவாதம் புடிச்சப்போ மனசுக்குள்ள திட்டினேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த இடம் செவந்து தடிச்சப்போ தான் புரிஞ்சுது. திட்டினதுக்கு சாரி.

நைனா, தினம் நைட்டு சேர்க்காடு கூட்ரோட்டுல வண்டியை போட்டுட்டு எனக்காக நின்னீங்க. முடி வெட்டற வேலைக்கா பொண்ணை அனுப்பறீங்கன்னு கேட்ட சொந்தக்காரங்களுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லல. அவங்கள்ல ரெண்டு பேருக்கு நான் தான் இப்போ ஹேர் ஸ்பா பண்றேன், நைனாவுக்கு அதுல ஒரு தனி சந்தோஷம்.

கடைசியா ஒண்ணு. பரீட்சைக்கு லேயர் கட் பண்ண இன்னும் ஒரு தலை வேணும், முடி தோளுக்கு கீழ இருக்கணும், ரெட்டைச் சுழி இருந்தாலும் சமாளிச்சுக்குவேன். வேலூர் வெயிலுக்கு எல்லாரும் தேங்காய் எண்ணெயை ஊத்திட்டு தான் வருவீங்கன்னு தெரியும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் எண்ணெய் வைக்காம வாங்க, ப்ளீஸ்.