பெரு பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயரோடு உயரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல்முறை பெரு செல்வோருக்காகப் பயண இணைப்பிதழில் வெளியான ஏழு நாள் திட்டத்தைப் படித்தேன். முதல் நாள் லிமா, இரண்டாம் நாள் காலை விமானத்தில் குஸ்கோ, அன்றே ஊர் சுற்றல், மூன்றாம் நாள் வானவில் மலை என்று போகிறது திட்டம். தயவுசெய்து யாரும் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். லிமா கடலோர நகரம். குஸ்கோ இருப்பது 3,400 மீட்டர் உயரத்தில். நடுவே விமானப் பயணம் ஒன்றேகால் மணி நேரம்தான். உடம்பு பழக அது போதவே போதாது.

குஸ்கோவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். (தண்ணீரே அங்கே 89 டிகிரிக்குள் கொதித்துவிடும், மூடாத பாத்திரத்தில் அரிசி வேக நெடுநேரம் ஆவது அதனால்தான்.) இறங்கியதும் உடம்பு நன்றாகவே இருக்கும். ஏமாறுவது இங்கேதான். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில், தலைவலி தொடங்கும். குமட்டும், சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. இந்த உயர நோயை அந்த ஊர்க்காரர்கள் 'சொரோச்சே' என்பார்கள். நல்ல உடற்கட்டு உள்ளவர்களுக்கும் இது வரும். தெம்பாக இருக்கிறதே என்று முதல் நாளே படியேறி நடப்பவர்கள்தான் அதிகம் படுத்துவிடுகிறார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஊர்களின் வரிசையை மாற்றினாலே போதும். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் நகரத்தில் தங்காமல் நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட வேண்டும். அங்குள்ள ஊர்களில் ஊருபாம்பா 2,870 மீட்டர், ஒல்லாந்தாய்தாம்போ 2,790 மீட்டர். காரில் இரண்டு மணி நேரம். வழியில் சின்செரோ அருகே சாலை 3,700 மீட்டரைத் தாண்டும். அதற்குப் பயப்பட வேண்டாம், முக்கியமானது இரவு தூங்கும் இடத்தின் உயரம். பள்ளத்தாக்கில் இரண்டு இரவு. பிறகு ரயிலேறி, இன்கா மக்களின் மலைநகர இடிபாடுகளான மச்சு பிச்சுவின் அடிவார ஊரான ஆகுவாஸ் காலியேன்தெஸில் ஒரு இரவு; அது 2,040 மீட்டர்தான், மச்சு பிச்சுவே 2,430 மீட்டர்தான். அதன் பிறகு குஸ்கோவுக்கு ஏறி வந்தால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். டிடிகாக்கா ஏரிக்கரையில் உள்ள பூனோ 3,800 மீட்டர். போவதானால் குஸ்கோவுக்குப் பிறகுதான் போக வேண்டும். வானவில் மலை 5,000 மீட்டரைத் தொடுகிறது. ஏழு நாள் பயணத்தில் அதற்கு இடமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. மேலே ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி, ஏறிய பிறகு இரண்டு நாள் தொடர்வார்கள். விரல் நுனியும் உதடும் மரத்தாற்போல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், இவை எதிர்பார்க்கக்கூடியவைதான். சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விடுதிகளில் தரும் கொக்கா இலைத் தேநீர் இதமாக இருக்கும். மாத்திரைக்கு அது ஈடாகாது. அதைக் குடித்தால் போதைப்பொருள் பரிசோதனையில் தெரியும், இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்கு எடுத்துவந்தால் சட்டச் சிக்கல். முதல் இரண்டு இரவு மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. தூக்கத்தில் மூச்சு இன்னும் மந்தமாகும்.

தலைவலியோடு நின்றால் ஓய்வெடுத்துச் சமாளிக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, ஒரு கோட்டின் மேல் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். கிடைத்தால் ஆக்சிஜன் கொடுத்தபடி, அந்த இரவே கீழே இறக்க வேண்டும்.

மச்சு பிச்சு நுழைவுச்சீட்டைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. 'வாசலில் வாங்கலாம்' என்பது தவறு, வாசலில் விற்பனை கிடையாது. பெரு கலாசார அமைச்சகத்தின் இணையதளத்தில் நாள், நேரம், சுற்று (உள்ளே நடக்கும் பாதை) மூன்றையும் தேர்ந்து வாங்க வேண்டும். 2024 முதல் மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பல வழிகள். படங்களில் பார்க்கும் காட்சியும் இடிபாடுகளின் நடுவே நடையும் இரண்டும் வேண்டுமென்றால் இரண்டாம் சுற்று. முதல் சுற்று மேலிருந்து பார்க்க மட்டும், மூன்றாவது கீழ்ப்பகுதிக்கு. மே முதல் ஆகஸ்ட் வரையிலான நாட்களுக்கு இரண்டாம் சுற்று மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஆகவே முதலில் நுழைவுச்சீட்டு, அடுத்து அந்த நேரத்துக்கு ஏற்ற ரயில், கடைசியில் விடுதி என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள். சீட்டில் உள்ள பாஸ்போர்ட் எண்ணும் கையில் உள்ள பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் பழையதையும் எடுத்துச் செல்லட்டும். உள்ளே கழிப்பறை கிடையாது, வெளியே வந்தால் மறுபடி நுழையவும் முடியாது.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பானிய மொழியில் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு கோழி போட்டுவிடுவார்கள். 'சின் போயோ, சின் பெஸ்காதோ' என்று கோழி, மீன் இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். காய்கறி சூப்பின் அடியிலும் பெரும்பாலும் கோழிச்சாறு இருக்கும். கீன்வா, உருளைக்கிழங்கு, சோளம், அவகாடோ தாராளமாகக் கிடைக்கும்.

டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள். கிழிந்த டாலர் நோட்டு எங்கும் போகாது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதிக் கட்டணத்தில் 18 சதவீத விற்பனை வரி விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்டிக் கேளுங்கள்.

கட்டுரையில் அடியோடு விடுபட்டது, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி. அமேசான் காட்டுப் பக்கம் போகாதவர்களுக்கு இது தேவையில்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரு அனுமதித்தாலும் திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு இருக்கிறது. லிமாவில் மட்டும் தங்கியவருக்கும் விதி ஒன்றுதான். அங்கிருந்து கிளம்பிய ஆறு நாட்களுக்குள் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும்; அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள், குறிப்பிட்ட நாட்களில் மட்டும். அறுபது வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாதவர்களும் முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆகவே பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே இதைத் தொடங்குவது நல்லது. சான்றிதழாகத் தரும் மஞ்சள் அட்டையின் அசலைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு விமானத்தில் ஏற்றிவிட்டால் சுகாதார அதிகாரியின் மேசையில் காட்ட எதுவும் இருக்காது.

அடுத்த இதழில் இந்தத் திருத்தங்களை, ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் பக்கத்தில் அதன் உயரத்தோடு, வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுப் பணியில் உள்ள வாசகர்