நியூயோர்க் செல்லும் மகளுக்கு

கண்டி

அன்புள்ள தாரணி,

வியன்னாவிலிருந்து நீ எழுதிய மடல் கிடைத்தது. அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையின் மீளாய்வு மாநாட்டுக்காக நியூயோர்க் செல்லும் இளையோர் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும், சிவில் சமூக அமைப்புகளுக்கென ஒதுக்கும் அமர்வில் வாசிக்கப்படவுள்ள கூட்டு உரையின் ஒரு பகுதியை எழுதும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்பதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஒன்பது நாடுகளிடம் பன்னிரண்டாயிரம் குண்டுகள் இருக்கின்றன, இந்தப் பிள்ளைகள் போய்ப் பேசி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டார். உன் மடலின் கடைசிப் பத்தியிலும் ஏறக்குறைய இதே கேள்விதான் இருந்தது. அதனால் தொலைபேசியில் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாமல் இதை எழுதுகிறேன்.

1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானிலும், சில நாட்களுக்குள் பாகிஸ்தான் சாகாய் மலையிலும் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தபோது, இங்கே நாமெல்லாரும் செய்தித்தாளைப் படித்துவிட்டு அன்றாட வேலையைப் பார்க்கப் போனோம். நாகசாகி மக்களால் அப்படி இருக்க முடியவில்லை. தங்கள் நகரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவரைத் தெரிவு செய்து, நாகசாகியின் குரலை எடுத்துச் சொல்லும்படி ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிவைத்தார்கள். நம் துணைக்கண்டத்தில் வெடித்த குண்டுகளுக்கு விடையாகத் தொடங்கிய அந்த ஏற்பாடு இன்றுவரை நிற்கவில்லை. சமாதானத் தூதர்கள் என்று அழைக்கப்படும் அந்த மாணவர்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தெரிவாகிறார்கள். 2001 முதல் அவர்களும் அவர்களுடைய நண்பர்களும் தெருவில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் கையெழுத்து வாங்கி, அவற்றை ஜெனீவாவில் உள்ள ஐ.நா. அலுவலகத்தில் ஒப்படைத்து வருகிறார்கள். இதுவரை சேர்ந்த கையெழுத்துகள் இருபது இலட்சத்துக்கும் மேல். தங்கள் வலு சிறியது, ஆனால் தாங்கள் வலுவற்றவர்கள் இல்லை என்பது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட முழக்கம்.

2014 முதல் மூன்று ஆண்டுகள் அந்த மாணவர்களில் ஒருவர், ஜப்பானிய அரசின் தூதுக்குழுவோடு அமர்ந்து, ஜெனீவா ஆயுதக் களைவு மாநாட்டின் அவையிலேயே உரையாற்றினார். 2017இல் அந்த வாய்ப்பு வழங்கப்படவில்லை. அது எந்த ஆண்டு என்பதை நீ கவனிக்க வேண்டும். அணுவாயுதங்களை முற்றாகத் தடை செய்யும் உடன்படிக்கை, சுருக்கமாகத் தடை உடன்படிக்கை, நியூயோர்க்கில் பேசி முடிக்கப்பட்ட ஆண்டு அது. அந்தப் பேச்சுவார்த்தையில் ஜப்பானிய அரசு கலந்துகொள்ளவில்லை. வெறுமையாய்க் கிடந்த ஜப்பானின் இருக்கைக்கு முன்னால், நீங்கள் இங்கே இருந்திருக்கக் கூடாதா என்று எழுதிய ஒரு காகிதக் கொக்கை யாரோ வைத்துவிட்டுப் போனார்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி படிக்கும் சில நிமிட உரை பொருளற்றதாக இருந்திருந்தால் அதை நிறுத்திவைக்க வேண்டிய தேவை எந்த அரசுக்கும் எழுந்திராது. அப்பாவின் கேள்விக்கு நான் சொன்ன முதல் விடை இதுதான்.

ஆயினும் இளையவர் பேசினாலே போதும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே உங்களை மிக அன்பாக வரவேற்பார்கள். எதிர்காலம் உங்கள் கையில் என்பார்கள். கொடிகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். 2019இல் ஐ.நா. பொதுச்சபை ஆயுதக் களைவில் இளையோரின் பங்கைப் பற்றி ஒரு தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. அந்த வரவேற்பில் மயங்கி, புன்னகையோடு படத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வருவதற்காக நீ போகவில்லை. கையில் ஆதாரம் இருக்க வேண்டும், நாவில் உடன்படிக்கையின் வாசகம் இருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாத இளமையை அந்த அவை பாராட்டிவிட்டு மறந்துவிடும்.

ஆதாரம் என்று நான் சொல்வது எதை என்பதற்கு ஒரு மனிதரை நினைவூட்டுகிறேன். சுமிதெரு தனிகுச்சிக்கு 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி பதினாறு வயது. நாகசாகியில் சைக்கிளில் சென்று கடிதம் விநியோகித்துக்கொண்டிருந்தார். குண்டு வெடித்த இடத்துக்கும் அவர் இருந்த இடத்துக்கும் இடையே ஏறக்குறைய 1.8 கிலோமீற்றர். பின்புறமிருந்து வந்த வெப்பம் அவருடைய முதுகுத் தோல் முழுவதையும் உரித்துவிட்டது. ஒன்றே முக்கால் ஆண்டு அவர் குப்புறப் படுத்தே கிடந்தார். படுக்கையில் அழுந்திக் கிடந்த நெஞ்சிலும் புண் வைத்து, விலா எலும்புகள் தெரியும் அளவுக்குச் சதை அழுகிப்போயிற்று. அந்த நிலையில் அவரைப் படம் எடுத்தவர்கள் அமெரிக்கர்கள். 2010இல், நீ இப்போது போகவிருக்கும் இதே மீளாய்வு மாநாட்டில், எண்பதை எட்டிய அந்த முதியவர், சிவந்து கிடந்த தம் முதுகின் படத்தைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு முன்னால் பேசினார். 2017இல் தடை உடன்படிக்கை நிறைவேறிய செய்தியைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதமே காலமானார்.

இனி அப்படி ஒருவர் எழுந்து நின்று பேசும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஜப்பானிய அரசின் பதிவில் உள்ள குண்டுவீச்சுப் பாதிப்பாளர்களின் எண்ணிக்கை 2025இல் ஓர் இலட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர்களின் சராசரி வயது 86ஐக் கடந்துவிட்டது. 2024இல் அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிதாங்கியோவுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது ஒஸ்லோவில் உரையாற்றிய தெருமி தனகாவுக்கு வயது 92. நாகசாகியில் உறவினர் ஐவரைப் பறிகொடுத்தபோது அவர் பதின்மூன்று வயதுச் சிறுவன். இவர்கள் கண்டதை உங்கள் தலைமுறைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்வதென்றால் அவர்களுடைய துயரத்தைத் தன் துயரம்போல நடித்துக் காட்டுவதென்று எவரும் எண்ணிவிடக் கூடாது. யார், எங்கே, எத்தனை தொலைவில், என்ன நேர்ந்தது என்பதை ஓர் எண்கூடப் பிசகாமல் சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. நீ மேற்கோள் காட்டும் ஒரு தொகை பிழைத்துவிட்டால், மறுப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

சாட்சியம் ஒரு தீர்ப்புக்குள் எப்படி நுழைகிறது என்பதைப் பார்க்க வேண்டுமானால் 1996ஆம் ஆண்டுக்குப் போ. 1954 மார்ச் முதலாம் திகதி மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் அமெரிக்கா வெடித்த குண்டு ஹிரோஷிமாவில் போட்டதைப்போல ஆயிரம் மடங்கு வலியது. அதன் வெண்சாம்பல் ரொங்கலாப் தீவில் விழுந்தபோது அங்கே இருந்த சிறுமிகளில் ஒருத்தி லிஜோன் எக்னிலாங். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அணுவாயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஆராய்ந்த ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் நின்று, தன் தீவுப் பெண்களுக்குப் பிறந்த உருவமற்ற குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அதைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவர் நம் நாட்டவரான சி. ஜி. வீரமந்திரி. நாட்டின் உயிர்வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் நிலையில் என்ன செய்வதென்று நீதிமன்றம் தெளிவாகக் கூறாமல் விட்டபோது, எந்தச் சூழ்நிலையிலும் இந்த ஆயுதம் சட்டத்துக்குப் புறம்பானது என்று நீண்ட மாறுபட்ட தீர்ப்புரை ஒன்றை எழுதினார்; மார்ஷல் தீவுகளின் சாட்சியத்தை அதில் எடுத்துக்காட்டினார். ஆயுதம் ஏந்தாதவர்களையும் அழித்துவிடும் அத்திரத்தை ஏவ வேண்டாமென்று இராமன் இலக்குவனைத் தடுத்ததையும், அர்ச்சுனன் பாசுபதத்தை ஏவாமல் விட்டதையும்கூட அதே தீர்ப்புரையில் சேர்த்திருக்கிறார். சட்டம் படிக்கும் நீ அதை முழுதாக வாசிக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு முன் நான் உன்னிடம் கேட்டுக்கொள்ளும் ஒரே வாசிப்பு அதுதான்.

இன்னொருவர் நம் ஊரில் படித்தவர். ஜயந்த தனபால கண்டி திரித்துவக் கல்லூரி மாணவர். பதினேழு வயதில், தாம் விரும்பும் உலகத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பரிசாக அமெரிக்கா சென்று, அப்போது செனட்டராக இருந்த கென்னடியைச் சந்தித்தார். 1995இல், பரவல் தடை உடன்படிக்கையை நிலையாக நீடிப்பதா என்று முடிவு செய்த மாநாட்டின் தலைவர் இருக்கையில் அமர்ந்திருந்தவர் அதே தனபால. வாக்கெடுப்புக்கு விடாமல் எல்லா நாடுகளையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்த நீடிப்புக்குப் பதிலாக அணுவாயுத நாடுகள் கொடுத்த வாக்குறுதிகள் இன்னும் நிறைவேறவில்லை. நீ அந்த அவையில் பேசும்போது இதைச் சொல்லத் தயங்காதே. ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டுமென்று பரவல் தடை உடன்படிக்கையின் ஆறாம் உறுப்புரை கூறுகிறது. அந்தப் பேச்சுவார்த்தையை முடித்தும் காட்ட வேண்டுமென்று சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியிருக்கிறது. 2015இலும் 2022இலும் மீளாய்வு மாநாடுகள் உடன்பட்ட ஆவணம் ஏதுமின்றிக் கலைந்தன. மற்ற நாடுகள் குண்டு செய்யமாட்டோம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவரும்போது, மறுதரப்பு மட்டும் காலவரையின்றித் தவணை கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அணுவாயுதம் இருப்பதால்தான் பெரும்போர் வரவில்லை என்று யாராவது உன்னிடம் வாதாடினால், அந்த நம்பிக்கை ஒருமுறை பொய்த்தாலே என்னவாகும் என்று பௌதிகவியல் ஆசிரியையின் மகளாக நீ விடை சொல்லலாம். நகரங்கள் பற்றி எரியும்போது எழும் கரும்புகை வெயிலை உறிஞ்சிச் சூடேறி, மழை பெய்யும் உயரத்தையெல்லாம் தாண்டி, வளிமண்டலத்தின் மேலடுக்கான படைமண்டலத்துக்குள் ஏறிவிடும். அங்கே அதைக் கழுவி இறக்க மழை கிடையாது. ஆகவே அது பல ஆண்டுகள் தங்கி, உலகைச் சுற்றிப் பரவி, நிலத்துக்கு வரும் வெயிலைக் குறைத்துவிடும். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் நடக்கும் அணுப்போர் ஒன்றே இதற்குப் போதுமென்று காலநிலை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கணித்துச் சொல்லி வருகிறார்கள். பருவமழை பொய்த்து, வெப்பமும் குறைந்தால் நம்முடைய மகா போகமும் யால போகமும் என்னவாகும் என்பதைப் பொலன்னறுவையில் நெல் விதைக்கும் உன் மாமாவிடம் கேட்டுப் பார். எந்தத் தரப்பிலும் சேராத, ஒரு குண்டையும் வைத்திராத நாடு பட்டினி கிடக்க நேரும். 2025 மே மாதத்தில் அவ்விரு நாடுகளும் ஏவுகணைகளாலும் ட்ரோன்களாலும் மோதிக்கொண்ட நாட்களில் எனக்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு நினைப்பில்லை. ஆகையால், குண்டு இல்லாத சின்ன நாட்டுப் பெண்ணுக்கு இதில் என்ன பேச்சு என்று எவரும் கேட்டால் நீ கூச வேண்டியதில்லை.

சின்ன இடங்களிலிருந்து வந்தவர்கள் செய்துகாட்டியதும் உண்டு. பிரான்ஸ் 193 அணுச் சோதனைகளை நடத்திய பொலினேசியத் தீவுகளில் பிறந்த ஹினமோயுரா மோர்கன்-க்ரோஸுக்கு இருபத்து நான்கு வயதில், ஏறக்குறைய இப்போது உனக்கிருக்கும் வயதில், இரத்தப் புற்றுநோய் கண்டது. நோயோடு வீட்டுக்குள் ஒடுங்கிவிடாமல் ஐ.நா. வரை சென்று பேசினார். பிறகு தம் தீவுகளின் சட்டசபைக்கே தெரிவானார். 2023இல் தடை உடன்படிக்கையை ஆதரிக்கும் அவருடைய தீர்மானத்தை அந்தச் சபை ஒருமனதாக நிறைவேற்றியது. உரையாற்றுவதோடு நில்லாமல் சட்டம் இயற்றும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார் என்பதுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

நம் நாட்டின் கணக்கைப் பற்றியும் தெரிந்துகொண்டு போ. 2017 ஜூலை 7ஆம் திகதி 122 நாடுகள் வாக்களித்து ஏற்ற தடை உடன்படிக்கையில் இலங்கை 2023 செப்ரெம்பரில் இணைந்தது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையையும் உறுதிப்படுத்தியது. தடை உடன்படிக்கையின் ஆறாம், ஏழாம் உறுப்புரைகள் சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதையும், நஞ்சேறிய நிலத்தைச் சீர்செய்வதையும், அதற்கு மற்ற நாடுகள் கைகொடுப்பதையும் கடமையாக்குகின்றன. நியூயோர்க்கில் உள்ள நம் தூதரக அதிகாரிகளைக் கட்டாயம் சந்தித்து, அந்த உறுப்புரைகளின்படி இலங்கை என்ன செய்யப்போகிறது என்று மரியாதையோடும் விடாப்பிடியாகவும் கேள். அவர்களுக்கும் இளைய குரல் ஒன்று வந்து கேட்பது உதவியாகவே இருக்கும்.

தெற்காசியாவில் பங்களாதேஷும் மாலைதீவும் நம்மோடு அந்த உடன்படிக்கைக்குள் இருக்கின்றன. நேபாளம் 2017இலேயே கையொப்பமிட்டுவிட்டு இன்னும் உறுதிப்படுத்தாமல் இருக்கிறது. பூட்டான் கையொப்பமும் இடவில்லை. உங்கள் குழுவில் காத்மண்டுப் பெண் ஒருத்தி இருப்பதாக எழுதியிருந்தாய் அல்லவா? மாநாடு தொடங்கிக் கூட்டம் நெருக்குவதற்கு முன்னரே அவளோடு சேர்ந்து நேபாளத் தூதரகத்தில் நேரம் கேட்டு வாங்கிவிடு. கடிதத்தை அவள் நேபாளியிலும் நீ ஆங்கிலத்திலும் எழுதுங்கள். இலங்கை எந்தெந்தப் படிகளைத் தாண்டி இணைந்தது என்ற விவரத்தை அதனுடன் இணைத்துக் கொடுங்கள். அந்த விவரத்தைக் கொழும்பில் விசாரித்துப் பெற்றுத் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை போகிறார்.

அன்புடன்,
அம்மா