அடிபட்டுத் திரும்பும் பிட்சர்: முதலில் காலைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டிகள் நெருங்குகின்றன. கோடையில் அடிபட்டு ஓய்வில் இருந்த பிள்ளைகளை அவசர அவசரமாக டீமில் சேர்க்கும் நேரம் இது. எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. சாஃப்ட்பால் பிட்சர்களை, அதாவது பந்து வீசும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வடசென்னையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் பெரம்பூர் பக்கம் ஒரு மாநகராட்சி மைதானத்தில் சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

சொல்ல வந்தது இதுதான். அடிபட்டுத் திரும்பும் பிட்சரின் வீச்சு கெட்டுப்போயிருந்தால், உடனே அவள் கையைத் திருத்தப் போகாதீர்கள். கால் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது சரியாகும்வரை அவளை மேட்ச்சில் இறக்காதீர்கள்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சர் நிற்கும் பிளேட்டுக்கும், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவள் கேட்சர். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்தைவிடக் கனம். வலக்கைப் பிட்சர் வலது காலால் பிளேட்டை உந்தி, இடது காலை நீட்டி வைத்து, கையை ஒரு முழுச் சுற்று சுழற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் கீழிருந்து பந்தை விடுவாள். பார்க்கிறவர் கண்ணுக்குக் கைதான் தெரியும். வேகம் பிறப்பது காலிலும் இடுப்பிலும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நல்ல பிட்சர். வேறொரு இடத்தில் நடந்த கோடை முகாமில் அவளுடைய இடது கணுக்கால் பிசகிவிட்டது. காரணம் ஒரு குழி. பிட்சரின் முன்னங்கால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் வந்து விழும். பராமரிக்க ஆள் இல்லாத மைதானத்தில் அந்த இடம் நாளாக ஆகக் குழிந்துவிடும். அதன் விளிம்பில் பாதம் பட்டால் புரளத்தான் செய்யும். போதாக்குறைக்கு, பி.டி. பீரியடுக்குப் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூவோடுதான் பல பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதில் கணுக்காலுக்குப் பிடிப்பே கிடையாது.

டாக்டரிடம் காட்டினார்கள், ஓய்வில் இருந்தாள், பிசியோதெரபியும் நடந்தது. வீக்கம் வடிந்து, நடை, ஓட்டம் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. சரி என்று பந்தைக் கையில் கொடுத்தால் ஒன்று தரையில் குத்துகிறது, அடுத்தது கேட்சர் தலைக்கு மேலே போகிறது. பள்ளியில் “கையை இன்னும் வேகமாச் சுத்து” என்றிருக்கிறார்கள். அவளும் சொன்னபடி சுற்றியிருக்கிறாள். கொஞ்ச நாளில் வலது தோளின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் அம்மா பதறிப்போய் வந்து என்னிடம் கேட்டார்: “அடிபட்டது கால்ல தானே மிஸ், கை ஏன் வலிக்குது?”

மைதானத்தில் இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதில்லை.

பிட்சிங் பிளேட்டின் நடுவிலிருந்து கேட்சரை நோக்கிக் கோலப்பொடியால் ஒரு நேர்கோடு போட்டேன். அவளை மெதுவாக, வலி வராத அளவுக்கு மட்டும், சில பந்துகள் வீசச் சொல்லிவிட்டு மண்ணில் ஷூ தடத்தைப் பார்த்தேன். முன்பு அவள் கால் விழுந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னதாகவே, பிட்சிங் பிளேட் பக்கமாகத் தடம் இருந்தது. பாதம் முழுசாகப் பதியவில்லை, நுனி மட்டும் அழுந்தியிருந்தது. விரல்கள் நேராக கேட்சரைப் பார்த்தன. வலக்கைப் பிட்சருக்கு அந்தப் பாதம் மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது அவளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் சாய்வாக, சுமார் 45 டிகிரிக்குத் திரும்பி விழ வேண்டும். அப்போதுதான் இடுப்பு திறந்திருக்கும், கை உடம்பை ஒட்டி வர வழி கிடைக்கும். பாதம் நேராக விழுந்தால் இடுப்பு முன்கூட்டியே மூடிக்கொள்ளும். வழியில் இடுப்பு நிற்பதால் கை அதைச் சுற்றி விலகி வர வேண்டியிருக்கும்.

முன்னங்கால் அழுத்தமாக ஊன்ற வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்னால் பாய்வார்கள் இல்லையா, அந்தக் கணக்குதான். கால் ஊன்றி உடம்பை நிறுத்தும்போதுதான் ஓட்டத்தின் வேகம் கைக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பெண்ணுக்கு இடது காலை ஊன்றப் பயம். அவளுக்கே தெரியாத பயம். அதனால் காலை எட்டி வைக்கும் தூரம் குறைந்தது, முழங்கால் மடங்கியது, உடம்பு முன்னால் கவிழ்ந்தது. காலிலிருந்து வர வேண்டிய வேகத்தையெல்லாம் தோள் ஒன்றே இழுத்துப் பிடித்துக் கொடுத்தது. வலிக்காமல் என்ன செய்யும்?

கீழிருந்து வீசுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆசிரியர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. இப்படி வேகமாகச் சுழற்றி வீசும்போது தோளில் விழும் இழுவிசை, பேஸ்பாலில் மேலிருந்து வீசுபவர்களின் தோளில் விழுவதற்குக் கிட்டத்தட்ட சமம் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புஜத்தின் முன்பக்கத்து பைசெப்ஸ் தசைக்கு இதில்தான் வேலை அதிகம். தோளின் முன்பக்கம் வலி என்று ஒரு பிட்சர் சொன்னால் அது பெரும்பாலும் அந்தத் தசைநார் முறையிடுவதுதான்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். வேறு பிள்ளைக்கு உதவலாம். முதலில் தோள்வலியை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, அதனால் வலியோடு விளையாடக் கூடாது. அவர் சம்மதித்த பிறகும் பந்தை உடனே கொடுக்கவில்லை. இடது காலில் ஒற்றைக் காலாக நிற்பது, சின்னதாகத் தாவி அதே காலில் ஆடாமல் இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, இவ்வளவுதான். அவளுக்கு மகா சலிப்பு. “பால் எப்போ மிஸ்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆனால் இடுப்பும் பிட்டத் தசையும் தளர்ந்திருக்கும்போது கையை எவ்வளவு திருத்தினாலும் நிற்காது. ஓய்வில் அவை தளர்ந்துபோகும்.

அப்புறம் பந்தில்லாமல் காலடி மட்டும். கோடு போட்டு, பாதம் விழ வேண்டிய இடத்தில் ஒரு அடையாளம் வைத்து, நடை வேகத்தில். அந்த அடையாளத்தை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்தோம். கால் பயமில்லாமல் பதிய ஆரம்பித்த பிறகுதான் பந்து. அதுவும் கிட்டத்தில் நின்று வலையைப் பார்த்து, பக்கவாட்டில் நின்றபடி, கை உச்சியிலிருந்து கீழே வரும் பாதிச் சுற்று மட்டும். பிறகு முழுச் சுற்று, பிறகு பாதித் தூரம், பிறகு 43 அடி. வேகத்தைப் பற்றிக் கடைசிவரை பேசவே இல்லை. டிராப் (கடைசியில் கீழே இறங்கும் பந்து), ரைஸ் (மேலே எழும்புவதுபோல் வரும் பந்து) மாதிரியானவை அதற்கும் பிறகு. அவள் தோழி மூன்றாம் பேஸ் பக்கம் நின்று செல்போனில் ஸ்லோ மோஷனில் எடுப்பாள். அதை அவளே பார்த்து, “கால் சின்னதா வெச்சுட்டேன் மிஸ்” என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் பத்துத் தடவை கத்துவதைவிட அது பலன் தந்தது.

பெற்றோருக்கு ஒன்று. “லேசாத்தான் வலிக்குது” என்று பெண் சொன்னால் நம்பிவிடாதீர்கள். டீமில் இடம் போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகள் வலியைக் குறைத்துத்தான் சொல்வார்கள். வீசிய மறுநாள் காலையில் தலை வாரும்போது கையைத் தூக்கச் சிரமப்படுகிறாளா என்று பாருங்கள். சிரமப்பட்டால் அன்றைக்கு மைதானம் வேண்டாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டு என்ற ஆசை எனக்கும் புரிகிறது. அந்த சீட்டுக்கு அவள் பன்னிரண்டாம் வகுப்புவரை வீச வேண்டுமே.

ஜப்பானின் யுகிகோ உவேனோவை எடுத்துக்காட்டாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டம் ஆடி 413 பந்து வீசித் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். எனக்கும் அவரைக் கண்டால் பிரமிப்புதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 26. பல வருட உடற்பயிற்சி அவர் பின்னால் இருந்தது. 14 வயதுப் பெண்ணுக்கு அது அளவுகோல் இல்லை. 13, 14 வயதுக்கு ஒரு ஆட்டத்தில் 80 பந்து போதும் என்று அமெரிக்காவில் விளையாட்டு மருத்துவப் பரிந்துரையே இருக்கிறது.

நம் பள்ளிப் போட்டிகளில் காலையில் ஒரு மேட்ச், வெயில் இறங்குவதற்குள் இன்னொன்று என்று ஒரே நாளில் நடப்பது வழக்கம். இரண்டிலும் ஒரே பிட்சர் வீசுகிறாள். எத்தனை பந்து என்று எண்ண ஆளில்லை. போட்டி நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள்கள் சிறியவை. ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு பிட்சரும் வீசிய பந்துகளைக் குறிக்க ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு டீமும் இரண்டு பிட்சர்களின் பெயரையாவது தர வேண்டும் என்று சொல்லுங்கள். டீமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் காயத்தால் வர முடியாத பிள்ளைக்கு டாக்டர் சான்றிதழைப் பார்த்து இன்னொரு தேதி கொடுங்கள். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் முன்னால் பிட்சிங் பிளேட்டுக்கு எதிரே இருக்கும் குழியில் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்துச் சமன் செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மண்வெட்டியும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 11.