உன் காடும் என் பள்ளிக்கூடமும்

அன்புள்ள ராசு,

கடிதம் சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே பேத்தி நீட் பயிற்சிக்குப் போய் வருகிறாள். ராத்திரி பதினோரு மணி வரை புத்தகமும் கையுமாக இருக்கிறாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

"நம்ம சட்டசபை வேண்டாம்னு சொல்லியும் ஏன் தாத்தா நடக்குது?" என்று கேட்டாள். பதில் சொல்ல 1976-க்குப் போக வேண்டியிருந்தது. அதுவரை மாநிலங்கள் சட்டம் போடும் மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை, நெருக்கடி நிலையின்போது அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. கூடவே காட்டையும் மாற்றியது. வாத்தியாரான என் துறையும் ரேஞ்சரான உன் துறையும் ஒரே திருத்தத்தில் கைமாறியிருக்கின்றன. இத்தனை வருஷச் சிநேகத்தில் இதை நாம் பேசியதே இல்லை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் சட்டசபைகளாவது ஒப்புதல் தர வேண்டியிருந்தது. நம் சட்டசபையோ அந்த ஜனவரி 31-ஆம் தேதியே கலைக்கப்பட்டுவிட்டது. சரி என்றோ கூடாது என்றோ சொல்ல நம் பக்கம் ஆளே இல்லை.

பொதுப் பட்டியலில் இரண்டு அரசுகளும் சட்டம் போடலாம். ஆனால் மோதல் வந்தால் நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மட்டுமே மாநிலச் சட்டம் பிழைக்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்கு அந்த ஒப்புதல் சில நாட்களிலேயே கிடைத்தது. அடுத்த மாதமே அதே சட்டசபை நீட் விலக்கு மசோதாக்களை நிறைவேற்றியது. அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

காட்டு விஷயத்தில் உன் கட்சிதான் நானும். வன நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்க டெல்லியின் அனுமதி வேண்டும் என்று 1980-இல் சட்டம் வந்திராவிட்டால் எத்தனை ஏக்கர் போயிருக்கும் என்று நீ அடிக்கடி சொல்வாய். ஆனால் 2023-இல் அதே சட்டத்தைத் திருத்திச் சில வகை நிலங்களுக்கு விலக்குக் கொடுத்ததும் டெல்லிதானே? அதற்கு நீ என்ன சொல்கிறாய்?

கல்வி மாநிலத்தின் கையில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளையின் வீட்டு நிலவரம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள்தான்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. அப்புறம், பேத்திக்கு உன் கையால் இரண்டு வரி எழுதிப் போடு, சந்தோஷப்படுவாள்.

அன்புடன்,
சண்முகம்