பெரியப்பாவின் பென்ஸ்

கிருஷ்ணகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் உன் அம்மா வழியாகத்தான் எனக்குத் தெரிகிறது. பெரியப்பாவின் பென்ஸுக்குச் சென்ற வாரம் இராயக்கோட்டை சாலைப் பட்டறையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சர்வீஸ் முடிந்தது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். அந்தக் கியர்பாக்ஸின் ஆயில் அளவை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வண்டி சமதரையில் நின்று, கியர் லீவர் 'பி'யில், அதாவது பார்க்கிங் நிலையில் இருந்து, ஆயிலும் 80 டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 0.3 லிட்டர்தான் வித்தியாசம் என்பதால், கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. பனியன் வேஸ்ட்டால் குச்சியைத் துடைக்கவும் கூடாது. உதிரும் நூல் உள்ளே போய் வால்வுகளில் சிக்கிக்கொள்ளும்.

சிவப்பாக வர வேண்டிய ஆயில் கறுத்து, தீய்ந்த வாடையோடு வந்தது. கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரை மட்டும் வடித்தால், இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் பழைய ஆயில் தங்கிவிடும் என்பதால், இன்ஜினைக் கையால் சுற்றி, கன்வர்ட்டரின் வடிகால் போல்ட்டைக் கீழ்த்துவாரத்துக்கு நேராகக் கொண்டுவந்து அதையும் மெக்கானிக் வடித்தார். ஃபில்டரும் சேம்பர் பேக்கிங்கும் வாங்க, இந்த வயதிலும் பஸ் ஏறிப் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு நானே போய்வந்தேன். கோயம்புத்தூரில் ஓர் ஆலையின் இயந்திரங்கள் அனைத்தும் என் மகன் பொறுப்பில்தான் ஓடுகின்றன என்று அந்தக் கடைக்காரரிடமும் சொன்னேன். அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த வண்டி என்ன ஆயிற்று என்று கேட்க எட்டு மாதமாக நேரமில்லை.

அளவை எப்படிப் பார்ப்பீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். அம்பாசிடர் காலத்துப் பழக்கத்தில், சனிக்கிழமைதோறும் காலையில், இன்ஜினைக் கிளப்பாமலேயே குச்சியை உருவிப் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். இன்ஜின் நின்றிருக்கும்போது கன்வர்ட்டரின் ஆயில் சேம்பருக்கு இறங்கிவிடுவதால், குறைவாக இருந்தாலும் குச்சி நிறைவாகவே காட்டும் என்றும், அப்படியே ஏற்றத்தில் ஓட்டினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுத்து, அழுத்தம் குறைந்து, கிளட்ச் தட்டுகள் வழுக்கி, இன்ஜின் உறுமுமே தவிர வண்டி ஏறாது என்றும் அவர் சொன்னார். கையில் இருந்த டீ ஆறும்வரை நான் பேசவில்லை.

தொப்பூர் ஏற்றத்தில் நடந்ததும் அதுதான், தம்பி. நீ ஆக்சிலரேட்டரை மிதித்துக் கெடுக்கவில்லை. ஆயில் குறைந்திருந்த வண்டியின் சாவியை உன்னிடம் கொடுத்தவன் நான். உன் மாமனார் முன்னிலையில், "பெரியவர்கள் பொருளைக் காப்பாற்றத் தெரியாதவன்" என்று சொன்னவனும் நான். இது தெரிந்து ஆறு நாள் ஆகிறது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்ஜின் ஓட வேண்டும், மறக்காதே. கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு மறுபடி அளவு பார்க்க வேண்டுமாம். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் நகர்த்திவிட்டுப் 'பி'க்குக் கொண்டுவந்ததும், மற்றவர் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். நேற்று உன் அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தேன். அவளுக்குப் பிரேக் எட்டவில்லை.

இப்படிக்கு,
அப்பா