பந்து வராது, கடிதம்தான் வருகிறது

கிள்ளான்

அன்புள்ள குமரா,

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு பொடியாகத்தான் வந்து சேர்ந்தது, ருசியில் குறையில்லை.

பாப்பா பள்ளியில், விரல் ஓட்டையுள்ள கனத்த பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் போலிங் ஆட்டத்தில் சேர்ந்திருக்கிறாள், உன் பழைய பந்து சும்மாதானே கிடக்கிறது, அனுப்பி வை என்று கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன். மணியத்திடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள். அவன் ஏற்கெனவே என்னைப் பற்றி நல்லதாகவா பேசுகிறான்!

காரணம் என் கட்டைவிரல். கொஞ்ச மாதமாக ஆள்காட்டி விரல் பக்கம் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் பிடித்தால் துணி எது பொத்தான் எது என்றே தெரியவில்லை. அந்த இடத்தைத் தட்டினால் சுரீரென்று நுனிவரை ஓடும். சர்க்கரை வந்துவிட்டது என்று பயந்து வீட்டுக்காரி இரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். சர்க்கரை இல்லை. விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலிங் விளையாடுவீங்களா?" என்றார் மருத்துவர். பந்தில் கட்டைவிரல் நுழைக்கும் ஓட்டையின் விளிம்பு அந்தப் பக்கத்து நரம்பை அழுத்த அழுத்த, சுற்றிலும் தடித்துவிடுமாம். 'போலர்ஸ் தம்ப்' என்று பெயரே இருக்கிறது. பந்தைக் கொஞ்ச நாள் தொடாமல் ஓட்டையைச் சரிசெய்யாவிட்டால் அறுவைவரை போகலாம் என்றார். அன்றைக்கு எனக்குப் பேச்சே வரவில்லையடா.

பிறகு பந்தில் துளை போடும் வேறொரு கடைக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சீனப் பெரியவர். பந்தைப் பார்க்கவே இல்லை, என் கையைத்தான் பார்த்தார். கட்டைவிரல் முட்டியின் பின்பக்கம் காய்ப்பு. "ஓட்டை பெரிசு, விரலை மடக்கி இறுக்கிப் பிடிக்கிறே" என்றார். விரலின் அடியில் உள்பக்கம் தோல் உரிந்திருந்தது. "ஸ்பேன் நீளம்." அளந்தால் கட்டைவிரல் ஓட்டைக்கும் மேல் ஓட்டைகளுக்கும் நடுவில் கால் அங்குலம் அதிகம்! விளிம்பையும் மழுங்கச் சீவாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். முதலில் துளை போட்டவன் என் கையை அளக்கவே இல்லை. முந்தைய பந்தின் அளவை அப்படியே இறக்கிவிட்டான். காசு மட்டும் சரியாக எண்ணி வாங்கினான், பாவி.

கால் அங்குலம் என்ன பெரிய விஷயம் என்பாய். பெரியவர் பதினாறில் ஒரு அங்குலத்துக்கே மல்லுக்கட்டுகிறார். நடுவிரலும் மோதிர விரலும் ஒரே நீளமில்லை, அதனால் ஸ்பேனும் இரண்டு. விரல் உள்ளே சாயும் கோணம், அதுதான் பிட்ச், அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. சரியாக அமைந்த பந்தை இறுக்கவே வேண்டாம், தானாகக் கையில் தொங்கும். விடும்போது முதலில் கட்டைவிரல் வழுக்கி வெளியே வரும். பழைய துளைகளை அடைத்து, காய்ந்தபின் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஏர்கோன் குளிரில் விரல் சுருங்கும், ஆட ஆட வீங்கும். அதற்கு ஓட்டைக்குள் டேப் ஒட்டு, வீங்கினால் ஒன்றை உரித்துவிடு என்றார். இத்தனை வருடம் ஆடி எனக்கு யாரும் சொல்லாதது.

இப்போது பாப்பா விஷயம். என் பந்து 15 பவுண்டு. அவள் கைக்கு அது தண்டனை. கனத்தைத் தாங்க முடியாமல் இறுக்கிப் பிடிப்பாள், அங்கேதான் எல்லாம் ஆரம்பம். லேசான பந்தாக வாங்கி, அவள் கையை வைத்து அளந்து துளை போடச் சொல். வளர்கிற பிள்ளை, அடிக்கடி அளக்க வேண்டும். அதற்கு நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். பாதிக் காசு நான் தருகிறேன், கணக்குப் புத்தகத்தைத் திறக்காதே.

வாடகைப் பந்தில் ஆடிவிட்டுக் கை வலிக்கிறது என்றாளாமே, எந்த இடத்தில்? முட்டியின் பின்பக்கமா, விரலின் அடியிலா, மணிக்கட்டிலா? மரத்துப்போகிறதா என்றும் கேள். "பழகினால் சரியாயிடும்" என்று உன் அப்பா மாதிரி சொல்லிவிடாதே. கேட்டு இந்த வாரமே எழுது, பெரியவரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
சேகர்